திரையில் நிற்கிறவன்

– அந்த ஜன்னலையும் சாத்திடுங்கம்மா. துளி வெளிச்சம் உள்ள வந்தாலும் சரியாத் தெரியாது. இந்த மாதிரி டிவியோட குறையை இருட்டுல வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

– சாத்திட்டேன் தம்பி. திரைச்சீலையும் இழுத்து விட்டாச்சு.

– சரிம்மா. சார், நீங்க நாற்காலியைக் கொஞ்சம் பின்னால போட்டுக்கிட்டா, நான் சுவத்துக்கும் டிவிக்கும் நடுவுல கையை விட்டு ஒயரைக் கழட்டிடுவேன்.

– எந்த ஒயரை?

– வாசல் கேமராவுல இருந்து வர்றதை.

– அதைத் தொடக் கூடாது.

– கேமரா பாட்டுக்கு ஓடும் சார். படம் மட்டும் டிவிக்கு வராது. கொஞ்ச நேரம்தான். கறை டிவியில இருக்கா, கேமராவுல இருக்கான்னு பிரிச்சுப் பாக்கணுமில்ல?

– அது கறைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

– அம்மாதான் போன்ல சொன்னாங்க.

– அவ சொல்லுவா. நான் கறைன்னு சொல்லல.

– சும்மா இருங்க நீங்க. வந்த மனுஷன் வேலையைப் பாக்கட்டும். வாசல்லயே அவரு கம்பெனி அடையாள அட்டையை வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாச்சு. இன்னும் என்ன? தம்பி, நீங்க கழட்டுங்க. இவரு அப்படித்தான். துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு. கூண்டுக்குள்ள உக்காந்து கீழேயே பாத்துப் பாத்துப் பழகிப்போச்சு. இப்ப வீட்டுக்குள்ள உக்காந்து வாசலையே பாக்குறாரு.

– இவ்வளவு பெரிய டிவியிலயா சார் கேமராவைப் பாக்குறீங்க?

– வேற எதுக்கு இருக்கு அது?

– சொல்றேன் கேளுங்க. இது சாதாரணப்பட்ட டிவி இல்ல. நான் சர்வீஸுக்குப் போற வீடுகள்ல இதை வச்சிருக்கிறவங்க ரொம்பக் கம்மி. மத்த டிவியில பின்னால ஒரு லைட் எரியும், முன்னால படம் அதை மறைச்சு மறைச்சுக் காட்டும். இருட்டைக் காட்டுறப்பவும் பின்னால லைட் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும். அதனால கறுப்பு, சாம்பல் மாதிரித் தெரியும். இதுல அப்படி இல்ல. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அணைஞ்சா சுத்தக் கறுப்பு. ஒரு நல்ல சினிமா போட்டுப் பாத்தீங்கன்னா ராத்திரி வானத்துல நட்சத்திரம் தனித்தனியாத் தெரியும். எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாலும் கலர் மாறாது. நீங்க அதுல கேட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்றீங்க.

– நட்சத்திரம் எனக்கு வேண்டாம். இருட்டுல ஒருத்தன் கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு நின்னா தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லுங்க.

– நல்லாவே தெரியும் சார். அதுதான் இதோட பலமே.

– அப்புறம் என்ன? எனக்கு வேண்டியது அதுதான்.

– சத்தம் மட்டும் இதுல கொஞ்சம் சுமார்தான். இவ்வளவு ஒல்லியா செஞ்சா ஸ்பீக்கரை எங்க கொண்டு போய் வைக்கிறது? நீங்க சத்தத்தை அடைச்சே வச்சிருக்கீங்களே, அதுவும் கெட்டுப்போச்சா?

– கெடல தம்பி. நாங்கதான் சத்தம் வைக்கிறதில்ல. வெளிய காலடிச் சத்தம் கேக்கணும் இவருக்கு.

– சரி. ஒயரைக் கழட்டிட்டேன். இப்ப என் பென்டிரைவ்ல இருந்து வெறும் சாம்பல் கலரைப் போடறேன். படம்னு எதுவும் இருக்காது. திரை பூரா ஒரே மாதிரி இருக்கணும். பாருங்க.

– பாத்தியா.

– ஏங்க, உக்காருங்க. எதுக்கு எந்திரிக்கிறீங்க?

– பாத்தியா இல்லையா, அதைச் சொல்லு. கேமரா ஒயரைப் பிடுங்கியாச்சு. இன்னும் நிக்கிறான். தலை, தோளு, உடம்பு. நான் என்ன பொய்யா சொல்றேன்? இத்தனை நாளும் என்னைக் கிறுக்கன் மாதிரிப் பாத்தியே.

– சார், பொறுங்க. கையில என்ன அது, இரும்புப் பைப்பா? முதல்ல அதைக் கீழ வச்சிடுங்க.

– குடுங்க அதை. குடுங்கன்றேன்ல. தம்பி, இதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இந்தப் பைப்பு எந்நேரமும் இவரு மடியிலயே கிடக்கும். தண்ணி கேன் போட வந்த ஆளை இதால தோள்ல அடிச்சிட்டாரு. பாவம், அந்த ஆளு போலீசுக்குப் போகாம விட்டதே பெரிய விஷயம். போன வாரம் பாப்பா வேலை முடிஞ்சு வர்றா. கேட்டைத் திறக்கிறா. இவரு இதை ஓங்கிக்கிட்டு ஓடுறாரு. நான் பின்னாலேயே ஓடி இடுப்பைப் பிடிச்சு இழுத்தேன். கொஞ்சம் தாமதிச்சிருந்தா பெத்த பொண்ணு மண்டை பிளந்திருக்கும்.

– அவ பின்னால அவன் நின்னான்.

– யாரும் நிக்கல.

– நின்னான். அவ நடந்து வந்து அவனுக்குள்ள புகுந்து வெளிய வந்தா. என் கண்ணால பாத்தேன். கூண்டுக்குள்ள இருந்து, கீழ ஒருத்தன் சிகரெட் பத்த வைக்கிறதைப் பாத்த கண்ணு இது. இது ஏமாறாது.

– சொல்றேன் கேளுங்க சார். உங்க கண்ணு ஏமாறல. அங்க ஒரு உருவம் இருக்கிறது நிஜம்தான். எனக்கும் தெரியுது. ஆனா அது ஆள் இல்ல.

– பின்ன?

– தழும்பு. இந்த டிவிக்கு இருக்கிற ஒரே பெரிய பலவீனம் இதுதான். புள்ளி ஒவ்வொண்ணும் தானே எரியுதுன்னு சொன்னேன்ல? எரிய எரியத் தேஞ்சும் போகும். படம் மாறிக்கிட்டே இருந்தா எல்லாப் புள்ளியும் ஒண்ணு போலத் தேயும், நமக்குத் தெரியாது. ஒரே படத்தை மாசக்கணக்குல வச்சீங்கன்னா, வெளிச்சமா இருந்த இடம் மட்டும் அதிகமாத் தேஞ்சு மங்கிடும். அப்புறம் எதைப் போட்டாலும் அந்த இடம் நிழல் மாதிரி நிக்கும். இதோ, மேல மூலையைப் பாருங்க. கேமரா தேதியும் நேரமும் காட்டுற இடம். மாறின எண்ணெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து எட்டு எட்டாத் தெரியுது. வருஷம் மட்டும் அச்சுப் போட்ட மாதிரி அப்படியே இருக்கு.

– ஆமாங்க. இங்க வந்து பாருங்களேன்.

– பாக்குறேன். சரி, அது எண்ணு. இவன் யாரு?

– உங்க வாசல்ல வெளிச்சமா, உசரமா, அசையாம என்ன சார் இருக்கு?

– ஒண்ணும் இல்ல.

– தூணு இருக்கு தம்பி. கேட்டுக்குப் பக்கத்துல வெள்ளைத் தூணு. மேல உருண்டையா ஒரு விளக்கு.

– அவ்வளவுதாம்மா. உருண்டை விளக்குதான் தலை. தூணு உச்சியில அகலமாக் கல்லு பதிச்சிருக்குல்ல, அதுதான் தோளு. இருட்டினா விளக்கு எரியும், வெள்ளைத் தூணு பளிச்சுன்னு தெரியும். படத்துல அந்த இடம்தான் எப்பவும் வெளிச்சம். அதான் அந்த இடம் முதல்ல தேஞ்சிருக்கு.

– தம்பி, தூணு ஓரத்துல இருக்கு. இவன் நட்டநடுப் பாதையில நிக்கிறான். என்கிட்டயே கதை விடுறீங்களே.

– கேமராவை யாராவது திருப்பினீங்களா?

– இவருதான் திருப்பினாரு. பெரிய மழை பெஞ்சு ஓஞ்ச மறுநாள் ஏணி போட்டு ஏறினாரு. நான்தான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

– அது வேற. தெரு முனை தெரியலேன்னு கொஞ்சமாத் திருப்பினேன்.

– அதுக்கு முன்னால இவன் நின்னானா சார்?

– ...முன்னால பாத்ததா ஞாபகம் இல்ல.

– கேமரா திரும்பினதும் படத்துல தூணு ஓரத்துக்குப் போயிடுச்சு. தழும்பு எங்க போகும்? டிவியில அது இருந்த இடத்துலேயேதான் இருக்கு. அந்த இடத்துக்கு இப்ப நடைபாதை வந்திடுச்சு. நல்ல வெயில்ல தெரியாது. சாயங்காலமோ விடிகாலையோ படம் சாம்பலா மாறினதும் எவனோ நிக்கிற மாதிரி ஆயிடும். உங்க பொண்ணு நடந்து வந்தப்ப அந்த நிழலைத் தாண்டி வந்திருக்காங்க. அதைத்தான் அவனுக்குள்ள புகுந்து வந்தாங்கன்னு நினைச்சுட்டீங்க.

– அப்ப இத்தனை நாளா நான் தூணையா முறைச்சுக்கிட்டு இருந்தேன்?

– தூணோட தழும்பை.

– தூணுக்குப் பயந்து என் பொண்ணை அடிக்கப் போனேன்.

– அதான் அடிக்கலையே, விடுங்க. இப்படி உக்காருங்க. தண்ணி குடிங்க. தம்பி, இதை அழிக்க முடியுமா?

– முழுசா அழியாதும்மா. தேஞ்சது தேஞ்சதுதான். பேனலையே மாத்தினாத்தான் போகும். ஆனா கம்பெனி மாத்தித் தராது. ஒரே படத்தை வச்சு விழுந்த தழும்புக்கு நாங்க பொறுப்பில்லைன்னு முன்னாடியே சொல்லித்தான் விக்கிறாங்க. ஆனா மங்க வைக்கலாம். டிவிக்குள்ளயே அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அதுவே அளந்து பாத்து சரிக்கட்டிக்கும். சாதாரணமா நாம அணைச்சுப் போட்ட பிறகு கொஞ்சம் கொஞ்சமா தானாவே செஞ்சுக்கும். நீங்க கடைசியா எப்ப அணைச்சீங்க?

– அணைச்சதே இல்ல.

– ஒருநாள்கூடவா?

– இந்த வீட்டுக்குக் குடி வந்த அன்னைக்குப் போட்டது தம்பி. இவரு கண்ணு அசந்தா நான் பாக்கணும். நான் அடுப்பங்கரைக்குப் போனா பாப்பா வந்து உக்காரணும். கரண்ட் போனா மூணு பேரும் வாசப்படியில வந்து நிப்போம்.

– அப்ப இது மூச்சு விடவே நேரம் இல்லாம ஓடியிருக்கு. இப்ப அந்த வேலையை ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் திரை இருட்டாத்தான் இருக்கும். நடுவுல போடக் கூடாது, கரண்ட்டையும் எடுக்கக் கூடாது.

– முடியாது.

– ஒரு மணி நேரம்தாங்க.

– முடியாதுன்னா விடு. அதுவரைக்கும் வாசலை யாரு பாக்குறது?

– சார், திரைச்சீலையை விலக்கிட்டு நான் ஜன்னல்கிட்டதான் உக்காந்திருக்கப் போறேன். இங்க இருந்து கேட்டு நேராத் தெரியும். நான் பாத்துக்கிறேன்.

– யாரைப் பாக்கணும்னு உங்களுக்குத் தெரியாது.

– யாரு வந்தாலும் உங்களைக் கூப்பிடுறேன். போதுமா?

– கேளுங்க, பட்டப்பகல். தெருவுல ஆள் நடமாட்டம் இருக்கு. நீங்க ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு? பாப்பாவும் உள்ள தூங்குறா. ராத்திரி பூரா ஆஸ்பத்திரித் துணியைத் துவைச்சுப் போட்டுட்டு வந்தவ. நீங்களும் போய்க் கொஞ்சம் சாஞ்சுக்குங்க. எந்திரிச்சு வர்றப்ப இந்த நிழலு இருக்காது. கேமராவையும் தம்பி பழையபடி திருப்பி வச்சிடுவாரு.

– வச்சிடுறேன்மா. அப்படி வச்சாலே மிச்சம் இருக்கிற தழும்பு தூணு மேலயே போய் உக்காந்துக்கும். யாருக்கும் தெரியாது.

– கதவைத் தாழ் போட்டுக்கோ.

– போட்டுக்கிறேன்.

– மேல் தாழு, கீழ்த் தாழு, ரெண்டும்.

– சரிங்க. பைப்பை இங்கேயே விட்டுட்டுப் போங்க. பாப்பா எந்திரிச்சு அதைப் பாத்தா பயந்துப்பா. போன வாரத்துல இருந்து உங்களைக் கண்டாலே ஒரு மாதிரி ஒதுங்கிப் போறா.

– எனக்குத் தெரியாம இல்ல.

– அணைக்கட்டுமா சார்?

– அணைங்க.

– தம்பி, குறட்டைச் சத்தம் கேக்குதா? தலையணையில தலையை வச்சாரு, அவ்வளவுதான். இவ்வளவு நேரமாச்சு, புரண்டுகூடப் படுக்கல. இந்தாங்க, டீ. சக்கரை பத்துமான்னு பாருங்க.

– பத்தும்மா. நான் எவ்வளவோ வீட்டுக்குப் போயிருக்கேன். டிவியை அணைச்சதே இல்லைன்னு சொன்ன வீடு இதுதான். தப்பா நினைக்கலேன்னா ஒண்ணு கேக்கலாமா? சாரு திருடனுக்கா பயப்படுறாரு?

– திருட என்ன இருக்கு இங்க? இந்த டிவியைத் தவிர உருப்படியா ஒரு பொருளும் கிடையாது.

– அதான் கேக்குறேன்.

– பாப்பா புருஷனுக்கு.

– உங்க மாப்பிள்ளைக்கா?

– அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. கல்யாணம் ஆன புதுசுல தங்கமா இருந்தான். வாய் நிறைய அத்தை, மாமான்னு கூப்பிடுவான். ஒருநாள் ரெண்டு ஆளுங்க இந்த டிவியைத் தூக்கிட்டு வந்து நின்னாங்க. மாமா ஓய்வா உக்காந்து பாக்கட்டும்னு வாங்கினேன்றான். கடையில இருந்ததுலயே ஒசத்தியானதாம். பக்கத்து வீட்டுக்காரங்கெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. சத்தத்தைக் கூட்டி வச்சு என்னமோ பாட்டுப் போட்டுக் காட்டினான். பாப்பா அவன் பக்கத்துல நிக்கிறா. நான் பின்னால இருந்து கூப்பிடுறேன், திரும்பவே இல்ல. பாட்டுச் சத்தத்துல கேக்கலேன்னு நினைச்சேன். அவளுக்கு அப்பவே இடது காது போயிருந்துச்சு.

– அடிச்சானா?

– காதோட சேர்த்து அடிச்சான். அப்புறம் ஒரு தடவை கையை முறுக்கி உடைச்சான். படியில விழுந்துட்டேன்னு எங்ககிட்ட சொன்னா, நாங்களும் நம்பினோம். கடைசியா ஒருநாள் முடியைப் பிடிச்சு அடுப்புகிட்ட இழுத்துக்கிட்டுப் போயிருக்கான். அன்னைக்குத்தான் செருப்புகூடப் போடாம எங்க வீட்டுக்கு ஓடி வந்தா. பின்னாலேயே வந்து கதவை உடைச்சான். போலீசு பிடிச்சு வச்சிருந்து அனுப்பிடுச்சு. அனுப்பின அன்னைக்கே தெருவுல வந்து நிக்கிறான். கத்தக்கூட இல்ல தம்பி. நிதானமாச் சொல்றான், 'எங்க கொண்டு போய் ஒளிச்சு வச்சாலும் வருவேன் அத்தை. வந்தா அவளை உசிரோட விட மாட்டேன்'னு. அத்தைன்னு கூப்பிட்டுத்தான் சொன்னான்.

– அதுக்கப்புறம்தான் இங்க வந்தீங்களா?

– ஊரை விட்டே வந்துட்டோம். சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் விலாசம் தெரியாது. போன் நம்பரை மாத்தியாச்சு. என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் போகல. வாழ்த்துச் சொல்லவும் கூப்பிடல. பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்தோம். இந்த டிவியை மட்டும் நான்தான் விடல.

– அவன் குடுத்ததை ஏம்மா?

– இவரு உடைச்சுப் போடுறேன்னுதான் நின்னாரு. நான்தான் தடுத்தேன். இந்த மாதிரி ஒண்ணை நம்மளால வாங்க முடியுமா, பொருளு என்ன பாவம் பண்ணிச்சுன்னேன். புத்தியைப் பாருங்க. அப்புறம் இவரு ஒரு கேமராவை வாங்கிட்டு வந்து மாட்டினாரு. அவன் குடுத்ததை வச்சே அவனுக்குக் காவல் இருக்கேன்னாரு. அன்னைக்கு உக்காந்தவருதான். எந்திரிக்கவே இல்ல. அவன் இன்னும் வரல தம்பி. வராமலேயே எங்க வீட்டுக்குள்ள இருக்கான். இவரு சாப்பிடுறப்ப தட்டைப் பாக்க மாட்டாரு. பாப்பா சிரிச்சு நான் பாக்கல. இன்னைக்கு அது தூணுன்னு நீங்க சொன்னதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பாப்பா எந்திரிச்சதும் முதல்ல அதைத்தான் சொல்லணும். என்ன தம்பி, டீயைக் கையிலேயே வச்சுக்கிட்டு இருக்கீங்க? ஆறிப்போகுது.

– அம்மா, இந்த டிவியை அவரு பேர்லயா வாங்கினாரு?

– அவன் வாங்கினது, அவன் பேர்லதான் இருக்கும். ஏன்?

– நீங்க கம்பெனிக்குப் போன் பண்ணப்ப சீரியல் நம்பர் கேட்டிருப்பாங்களே.

– கேட்டாங்க. டிவி பின்னால ஒட்டியிருந்ததைப் படிச்சேன். பேரு கேட்டாங்க, அதை மட்டும் நான் சொல்லவே இல்ல. உஷாராத்தான் பேசினேன்.

– பேரு தேவையில்லம்மா. அந்த நம்பரைப் போட்டாலே யாரு பேர்ல வாங்கினதுன்னு கம்ப்யூட்டர்ல வந்திடும். புகார் பதிவாச்சு, ஆளு வர்றாங்கன்னு மெசேஜ் எல்லாம் அவரு போனுக்குத்தான் போகும். வேலை முடிஞ்சதுக்கு அடையாளமா போன்ல ஒரு ரகசிய எண்ணு வரும், கோடுன்னு சொல்லுவாங்க, அதை வாங்கி நான் போடணும், அதுவும் அவருக்குத்தான் போகும்.

– அவன் போனுக்கா?

– அவரு போனுக்குத்தான்.

– அதுல எங்க விலாசம் இருக்குமா?

– முழுசா இருக்காதும்மா. ஊரும் ஏரியாவும் இருக்கும். அப்புறம் என் பேரு, என் நம்பரு.

– அப்ப வீடு தெரியாதுல்ல? தெரியாதுல்ல தம்பி? சொல்லுங்க.

– நேத்து சாயங்காலம் ஒருத்தரு எனக்குப் போன் பண்ணாரும்மா. டிவி என் பேர்லதான் இருக்கு, அத்தை வீட்டுல ஓடுதுன்னாரு. ரொம்ப மரியாதையாப் பேசினாரு. வயசானவங்களுக்குக் கோடெல்லாம் பாத்துச் சொல்லத் தெரியாது, நாளைக்கு நான் அந்த ஊருலதான் இருப்பேன், நேர்லயே வந்து சொல்லிடறேன், வீடு எங்கன்னு கேட்டாரு.

– சொன்னீங்களா?

– சொந்தக்காரருன்னு நினைச்சேன். நீங்க எனக்குச் சொன்ன வழியை அப்படியே சொன்னேன்.

– பாப்பா. ஏ பாப்பா, எந்திரி. ஏங்க, எந்திரிங்க, எந்திரிங்க. தம்பி, இப்பவே அவனுக்குப் போன் பண்ணி ஏதாவது சொல்லுங்க. வேலை முடிஞ்சிடுச்சு, நான் கிளம்பிட்டேன், வர வேண்டாம்னு சொல்லுங்க.

– வேலையை ஆரம்பிச்சதும் ஒரு மெசேஜ் போடுங்க, உடனே வந்திடறேன்னாரும்மா. டிவியை அணைச்ச கையோட போட்டுட்டேன்.